கரடி வீட்டு நாற்காலிகள்: வாசகர் கேள்வி – பதில்

கோல்டிலாக்ஸும் மூன்று கரடிகளும் என்ற பழைய கதையை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வீட்டு வடிவமைப்புப் பாணியில் வரைந்த ஒரு படநூலைப் பற்றிச் சென்ற இதழில் சிறு குறிப்பு எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பல ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அந்த ஒரே கதைக்கு ஒதுக்கிவிட்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை: காட்டுக்குள் ஒரு குடிசை, அதில் மூன்று கரடிகள் என்றுதான் இந்தக் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட நூலில் கரடிகள் நவீன வீட்டில், புகழ்பெற்ற நாற்காலிகளுக்கு நடுவே வாழ்கின்றன. பழைய கதைக்கு இந்தப் புது உடுப்பு எதற்கு?

அமெரிக்க ஓவியர் ஸ்டீவன் குவர்னாச்சா 2000-இல் வெளியிட்ட நூல் அது. பின்னர் அவர் மூன்று பன்றிக்குட்டிகளின் கதையையும், ஃபிராங்க் கெரி, ஃபிலிப் ஜான்சன், ஃபிராங்க் லாய்ட் ரைட் என்ற மூன்று கட்டடக் கலைஞர்களின் வீடுகளைக் கொண்டு வரைந்தார். பன்றிக்குட்டிகளின் நூல் புத்திசாலித்தனமானது. ஆனால் கரடிகளின் நூல்தான் கதைக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. அதை உடுப்பு என்று நீங்கள் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கதையை ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். அதில் மாயம் இல்லை, மந்திரவாதி இல்லை, இளவரசன் இல்லை. மூன்று கிண்ணங்கள், மூன்று நாற்காலிகள், மூன்று கட்டில்கள், அவ்வளவுதான். ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்த ஒருத்தி அங்கே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் தன் நாக்காலும் முதுகாலும் இடுப்பாலும் அளந்து பார்க்கிறாள். ராபர்ட் சவுத்தி என்ற ஆங்கிலக் கவிஞர் 1837-இல் இதை முதன்முதலாக அச்சில் ஏற்றியபோதே அந்த அளவுகளைத் துல்லியமாகச் சொல்லிவிட்டார். பெரிய கரடியின் நாற்காலி மிகவும் கடினம். நடுக் கரடியின் நாற்காலி மிகவும் மென்மை. பெரிய கரடியின் கட்டில் தலைமாட்டில் உயரம். நடுக் கரடியின் கட்டில் கால்மாட்டில் உயரம். சிறிய கரடியின் கட்டில் மட்டும் இரு பக்கமும் சரியாக இருந்தது. வேறு எந்தத் தேவதைக் கதையிலும் கட்டிலின் கால்மாட்டு உயரம் கதையை நகர்த்தி நான் பார்த்ததில்லை.

இனி, மிட்செஞ்சுரி மாடர்ன் என்று இன்று அழைக்கப்படும் பாணியை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 1930களிலிருந்து 1960கள் வரை பின்லாந்திலும் டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் வேலை செய்த அந்த வடிவமைப்பாளர்கள், அலங்காரச் செதுக்கல்களை ஒதுக்கிவிட்டு, உட்காரும் உடம்புக்கு எது பொருந்தும் என்ற கேள்வியையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். மரச்சாமான் நிறுவனம் நடத்திய ஃப்ளோரன்ஸ் நோல், தான் கால்களை மடக்கிச் சுருண்டு உட்காருவதற்கு, தலையணைகள் நிறைந்த கூடையைப் போன்ற நாற்காலி ஒன்று வேண்டும் என்று வடிவமைப்பாளர் ஈரோ சாரினனைக் கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் 1948-இல் வந்த வூம் (கருப்பை) நாற்காலி. அமெரிக்க வடிவமைப்பாளர் சார்லஸ் ஈம்ஸும் அவர் மனைவி ரே ஈம்ஸும் 1956-இல் கொண்டுவந்த தோல் சாய்வு நாற்காலியோ, நன்றாகப் பழகிப்போன பேஸ்பால் கையுறையைப் போல ஆளை வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் உருவானது. பின்லாந்தின் அல்வார் ஆல்ட்டோ 1933-இல் செய்த 44 சென்டிமீட்டர் உயர முக்காலி எந்த மென்மையும் இல்லாத வெறும் பிர்ச் மரம். கடினம், மென்மை, சரியானது என்ற சிறுமி கோல்டிலாக்ஸின் மூன்று சொற்களை இந்தப் பொருள்கள் தாமே சொல்கின்றன.

குடிசைப் படங்களில் நான் அடிக்கடி கண்ட குறை ஒன்று உண்டு. ஒரே நாற்காலியைப் பெரிதாகவும், நடுத்தரமாகவும், சிறிதாகவும் மூன்று முறை வரைந்துவிடுகிறார்கள். அப்படி வரைந்தால் எது கடினம், எது மென்மை என்று படத்தைப் பார்க்கும் குழந்தைக்கு எப்படித் தெரியும்? கதை சொல்பவர் வாயால் சொன்னால்தான் உண்டு. மூன்று நாற்காலிகளும் மூன்று வேறு வகை என்று ஆகும்போது, எழுத்தறியாத குழந்தையும் விரல் வைத்துச் சொல்லிவிடும். உங்கள் வகுப்பில் செய்து பாருங்கள்: சொற்களை மறைத்துவிட்டு, இதில் எது குத்தும், எது அமுங்கும் என்று மட்டும் கேளுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்: சிறுவயதில் நான் படித்த ரஷ்யக் கதையில் கரடிகளுக்குப் பெயர்கள் உண்டு, சிறுமிக்குப் பெயரே இல்லை. எது மூலக்கதை?

நீங்கள் படித்தது லியோ டால்ஸ்டாய் சிறுவர் பாடநூலுக்காக எழுதிய வடிவம். மிகயீல் இவானோவிச், நஸ்தாசியா பெத்ரோவ்னா, குட்டி மிஷூத்கா என்று அந்தக் கரடிகளுக்கு முழு மரியாதையோடு பெயர்கள் இருக்கும். வழிதவறி வந்த பெண்ணுக்குப் பெயர் இருக்காது. ஆனால் அது மூலம் அன்று. அச்சில் முதலில் வந்தது மேலே சொன்ன சவுத்தியின் கதை. அதற்கு முன்பே, 1831-இல், எலினோர் மியூர் என்ற பெண்மணி தன் உடன்பிறப்பின் மகனான சிறுவனின் பிறந்தநாளுக்காக இதே கதையைப் பாட்டாக எழுதித் தானே படமும் வரைந்து கொடுத்திருக்கிறார். ஆக, வாய்மொழியாக வழங்கிய கதையை இருவரும் தத்தம் வழியில் எழுதிவைத்தார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

இரண்டிலும் உள்ளே நுழைந்தவள் சிறுமி அல்லள், ஒரு கிழவி. 1850 வாக்கில் ஜோசப் கண்டல் என்பவர் தன் தொகுப்பில் அவளை வெள்ளிமுடிச் சிறுமியாக்கினார். கிழவிகள் வரும் கதைகள் ஏற்கெனவே ஏராளமாக உள்ளன என்பது அவர் சொன்ன காரணம். வெள்ளிமுடி தங்கமுடியாகி, கோல்டிலாக்ஸ் என்ற பெயர் நிலைத்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். சவுத்தியின் மூன்று ஆண் கரடிகளும் காலப்போக்கில் அப்பா, அம்மா, குட்டி என்று குடும்பமாகிவிட்டன.

நூலகர் என்பதால் உங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். சவுத்தியின் கதை அச்சானபோதே பெரிய கரடி பேசும் வரிகள் கனத்த பெரிய எழுத்திலும், சிறிய கரடி பேசும் வரிகள் பொடி எழுத்திலும் கோக்கப்பட்டன. "என் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்" என்ற ஒரே வாக்கியம் மூன்று அளவில் நிற்கும்போது, படிப்பவரின் குரல் தானாகவே ஏறி இறங்கும். வடிவமைப்பு இந்தக் கதைக்குள் 2000-இல் நுழைந்ததாக நினைக்க வேண்டாம். அது 1837-இலேயே அச்சுக்கோப்பவரின் கையில் இருந்தது.

சேலத்திலிருந்து ஒரு மரவேலைக் கலைஞர்: நாற்காலி உடைவதுதான் கதையின் திருப்பம். நீங்கள் புகழும் அந்த வளைந்த பிளைவுட் நாற்காலிகள் உண்மையில் அப்படி உடையுமா? எங்கே உடையும்?

இந்தக் கேள்வியை ஒரு தொழிலாளர் கேட்டதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. நான் தச்சன் அல்லன். படித்தும், கையால் தொட்டுப் பார்த்தும் அறிந்ததைச் சொல்கிறேன்.

1940-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய போட்டியில் சார்லஸ் ஈம்ஸும் சாரினனும் பரிசு வென்றார்கள். முதுகும் இருக்கையும் பிரியாமல், ஒரே ஓடாக வளைந்த பிளைவுட் நாற்காலிதான் அவர்கள் கனவு. நீங்கள் நன்கு அறிவீர்கள்: ஒரு திசையில் வளைக்க வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு இடம் கொடுக்கும், ஒரே இடத்தில் இரு திசைகளிலும் கிண்ணம் போல் வளைக்க முயன்றால் நார் பிளந்துவிடும். அவர்களுக்கும் அதுவே நடந்தது. முதுகு இருக்கையோடு சேரும் வளைவில் மரம் கீறியது. கீறலை மறைக்க மேலே துணியும் பஞ்சும் போர்த்த வேண்டியதாயிற்று.

பிறகு ஈம்ஸ் தம்பதியர் லாஸ் ஏஞ்சலீஸில் தங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே அச்சு ஒன்றை அமைத்துக்கொண்டு, சைக்கிள் பம்பால் காற்றடைத்து, பசை தடவிய வெனீர் அடுக்குகளை அச்சோடு அழுத்திப் பழகினார்கள். போர்க்காலத்தில் அந்த அனுபவம் அமெரிக்கக் கடற்படைக்கு உதவியது. காயம்பட்டவர்களின் காலை அசையாமல் தாங்கும் பிளைவுட் அணைகள் சுமார் 1,50,000 செய்யப்பட்டன. அந்த அணையை ஒருமுறை பாருங்கள்: தொடைக்கு அகன்று, முழங்காலுக்குக் குழிந்து, குதிகாலுக்கு வளைந்து கொடுக்கும், வளைவு இறுகும் இடங்களில் மரம் கீறாதபடி முன்கூட்டியே திறப்புகள் வெட்டப்பட்டிருக்கும். மரம் எங்கே உடையப் பார்க்கிறதோ அங்கே தாமே வெட்டிவிடுவது என்ற அந்தப் பாடத்தின் முடிவுதான் 1945–46-இல் வந்த பிளைவுட் நாற்காலி. இருக்கை தனி, முதுகு தனி. இரண்டையும் ஒரு முதுகெலும்பு போன்ற மரத்துண்டு இணைக்கும். உடைந்துபோன ஒரு நாற்காலியிலிருந்து வந்த நாற்காலி என்றே அதைச் சொல்லலாம். கரடி வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இருக்கையை யாராலும் கற்பனை செய்ய முடியாது என்று நான் கருதுவது இதனால்தான்.

உங்கள் கேள்விக்கு நேர் விடை: பிளைவுட் அவ்வளவு எளிதில் முறியாது. பலவீனமான இடம், பலகையையும் சட்டத்தையும் இணைக்கும் வட்டமான ரப்பர் வில்லைதான். உட்காருபவர் சாயும்போது முதுகுப் பலகை சற்றே அசைந்து கொடுப்பது அந்த வில்லையால். ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் இறுகும், பசை விடும், முதுகுப் பலகை கழன்று வரும். சவுத்தியின் கதையில் சிறிய கரடியின் நாற்காலிக்கு அடிப்பாகம் பெயர்ந்து, கிழவி தரையில் விழுகிறாள். நவீன வீட்டில் இதை வரையும் ஓவியர், கால் முறிந்து சிராய் பறப்பதாக வரையாமல், முழுசாக ஒரு பலகை கழன்று உருள்வதாக வரைந்தால் அது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

புதுச்சேரியிலிருந்து ஓவியம் பயிலும் மாணவி: அந்தக் காலத்துச் சிறுவர் நூல்களில் படங்கள் நிழலே இல்லாமல் தட்டையாக இருக்கின்றனவே, ஏன்? நானும் அந்த முறையில் இந்தக் கதையை வரைய முயல்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பாதி ரசனை, பாதி அச்சகம். எல்லா நிறங்களையும் பிரித்து அச்சிடுவது செலவான வேலையாக இருந்ததால், பல நூல்கள் இரண்டு அல்லது மூன்று மைகளுக்குள் முடிக்கப்பட்டன. நிறத்துக்கு ஒரு தாளாக ஓவியரே தனித்தனியே வரைந்து கொடுப்பதும் வழக்கம். மஞ்சள் மேல் நீலம் ஏறினால் பச்சை இலவசம். வண்ணமும் கோடும் மயிரிழை விலகி விழுவது முதலில் பிழையாக இருந்து, பின்னர் விரும்பிச் செய்யும் அழகாயிற்று. படநூல் ஓவியர் லியோ லியோனி 1959-இல் கிழித்த காகிதத் துண்டுகளை மட்டுமே வைத்து ஒரு முழுக் கதை சொன்னது இந்தச் சூழலில்தான்.

நீங்கள் வரையத் தொடங்குமுன் மூன்று மைகளை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு, நான்காவதைத் தொடுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொள்ளுங்கள். கதையிலும் எல்லாம் மூன்று என்பதால், கரடிக்கு ஒரு நிறம் என்று பிரித்துக் கொடுத்தால் எந்தக் கிண்ணம் யாருடையது என்று எழுதவே வேண்டாம். தங்கநிறத்தைச் சிறுமியின் முடிக்கு மட்டும் வைத்துக்கொள்வதானால் மற்றவற்றை இரண்டில் முடிக்க வேண்டியிருக்கும். அந்த நெருக்கடி நல்லதுதான்.

நாற்காலிகளைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புகழ்பெற்ற பொருளை வரையும்போது அதை விற்பனைக்கூடத்தில் வைத்ததைப் போலப் பளபளப்பாக நிறுத்திவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அங்கேதான் கதை செத்துப்போகிறது. சிற்பி இசாமு நொகுச்சியின் கண்ணாடி மேசையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரே வடிவில் இரண்டு மரத்துண்டுகள், ஒன்று நிமிர்ந்து, ஒன்று தலைகீழாக, மேலே கனமான கண்ணாடி தன் எடையாலேயே கிடக்கும். வரைய மிக அழகான பொருள். ஆனால் கரடிக்குட்டி வாழும் வீட்டில் அந்தக் கண்ணாடி மேல் கஞ்சிக் கிண்ணத்தின் ஈரவட்டம் இருந்தாக வேண்டும், அடியில் ஒரு பொம்மை கிடக்க வேண்டும். சவுத்தி இதை நன்றாக அறிந்திருந்தார். கிழவி எழுந்தபோது பெரிய கரடியின் நாற்காலியில் இருந்த கடினமான மெத்தையை நேராக்கவில்லை. நடுக் கரடியின் மென்மையான மெத்தை அமுங்கிக் கிடந்தது. கரடிகள் ஆள் வந்து போனதைக் கண்டுபிடிப்பது அந்தத் தடயங்களால்தான். ஆகவே ஒவ்வொரு நாற்காலியையும் இரண்டு முறை வரையுங்கள்: அவள் உட்காருமுன் ஒன்று, எழுந்த பின் ஒன்று.

சென்னையிலிருந்து ஒரு தந்தை: இன்று அந்த நாற்காலிகளின் விலை நம்மைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்க முடியாதது. குழந்தைக் கதையைச் செல்வந்தர் வீட்டுப் பொருள்களின் பட்டியலாக மாற்றுவது சரியா?

உங்கள் வருத்தம் நியாயமானது. எனக்கும் அது உண்டு. ஆனால் அந்த நாற்காலிகளைச் செய்தவர்கள் மீது அதைச் சுமத்த என் மனம் ஒப்பவில்லை. சிறந்ததை, மிகப் பலருக்கு, மிகக் குறைந்த விலையில் கொடுப்பது என்பதே ஈம்ஸ் தம்பதியரின் அறிவிக்கப்பட்ட நோக்கம். 1948-இல் அதே நியூயார்க் அருங்காட்சியகம் நடத்திய மலிவு விலை மரச்சாமான் போட்டியிலிருந்து வளர்ந்துதான் 1950-இல் அவர்களுடைய கண்ணாடியிழை நாற்காலி வந்தது. ஆர்னே யாகப்சன் 1952-இல் மூன்று கால் கொண்ட எறும்பு நாற்காலியை வடிவமைத்தது டென்மார்க்கின் மருந்து நிறுவனம் ஒன்றின் தொழிலாளர் உணவுக்கூடத்துக்காக. தொழிலாளர் சாப்பிட உட்கார்ந்த நாற்காலி, சேகரிப்பாளர் ஏலம் கேட்கும் பொருளாகியது பின்னால் நடந்த கதை. குழந்தைக்கு விலை தெரியாது. மூன்று காலில் நிற்கும் நாற்காலி விழாதா என்பதுதான் அதன் கவலை. விலையைப் பற்றிப் பேசுவது பெரியவர்களாகிய நாம்தான்.

திருநெல்வேலியிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர்: இந்தப் பாணிக்கும் நம் நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. இந்திய அரசின் அழைப்பில் இங்கே வந்து சுற்றிய ஈம்ஸ் தம்பதியர் 1958-இல் ஓர் அறிக்கை அளித்தார்கள். 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்ற அது வழி செய்தது. இந்தியாவில் கண்ட பொருள்களிலெல்லாம் மிக அழகானது லோட்டா, அதாவது நம் சொம்பு, என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அதன் பிறகு வரும் கேள்விகளைப் படித்தால் கரடி வீட்டுச் சிறுமி நினைவுக்கு வருவாள்: எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், இடுப்பில் எப்படிப் பொருந்தும், தலையில் எப்படி நிற்கும், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எங்கே விழும், ஊற்றும்போது கைக்கு எப்படி இருக்கும். தனி ஒருவர் வடிவமைக்காமல் தலைமுறைகளின் கைகள் சேர்ந்து உருவாக்கிய பொருள் என்று அவர்கள் அதன் முன் பணிந்து நிற்கும் பக்கத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: கண்ணாடிச் சுவர் வைத்த வீட்டில் கோல்டிலாக்ஸ் எப்படித் தப்புவாள்?

சன்னல் வழியாகத்தான். சவுத்தியின் கரடிகள் சுத்தம் பேணும் நல்ல கரடிகள். காலையில் எழுந்ததும் படுக்கையறைச் சன்னலைத் திறந்து வைப்பது அவற்றின் வழக்கம். அதனால்தான் சன்னல் திறந்திருந்தது. தரைவரை கண்ணாடிக் கதவு வைத்த வீட்டில் அவள் குதிக்கவே வேண்டாம், நடந்து போகலாம். ஆனால் குதிக்காவிட்டால் கதைக்கு முடிவில்லை. ஆகவே படுக்கையறையை மாடியில் வைப்பதே ஓவியருக்கு வழி.

ஈரோட்டிலிருந்து ஒரு தாய்: கதை முடிந்ததும் என் ஐந்து வயது மகள், "குட்டிக் கரடியின் நாற்காலியைச் சரிசெய்து கொடுத்தார்களா?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

சவுத்தி அதைச் சொல்லவில்லை. கிழவி கழுத்து முறிந்தாளா, காட்டில் தொலைந்தாளா, காவலர் பிடித்துப் போனாரா என்றெல்லாம் யோசிக்கும் அவர், நாற்காலியை அப்படியே விட்டுவிடுகிறார். உங்கள் மகளின் கேள்விதான் சரியான கேள்வி.

நீங்கள் இப்படிச் சொல்லலாம். 1945-இல் ஈம்ஸ் தம்பதியர் குழந்தைகளுக்கென்றே ஒரு சின்னஞ்சிறு பிளைவுட் நாற்காலி செய்தார்கள். முதல் கட்டமாக 5,000 உருவாயின. முதுகுப் பலகையில் இதய வடிவில் ஒரு துளை இருக்கும். குழந்தை அதில் விரல்களை விட்டுத் தானே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, வேண்டிய இடத்துக்குப் போகலாம். குட்டிக் கரடியிடம் இருந்தது அந்த மாதிரி நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கரடி கழன்ற பலகையை எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை தடவி, காயும்வரை மேலே கனத்தை ஏற்றி வைக்கும். அம்மா கரடி கஞ்சியை மறுபடி காய்ச்சும். மறுநாள் காலையில் குட்டி அந்த இதயத் துளைக்குள் விரலை விட்டு நாற்காலியைத் தூக்கிப் பார்க்கும். அந்தப் படத்தை உங்கள் மகளையே வரையச் சொல்லி, முடிந்தால் எங்களுக்கும் ஒரு படி அனுப்பி வையுங்கள்.